வட்டமாக வெட்டக் கூடாது

போன வாரம் என் மகனுக்கு நெஞ்சில் எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. நான்கு வயது. மூன்று வாரமாகியும் இருமல் விடவில்லை. "ஒண்ணும் இருக்காது, எதுக்கும் ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார் டாக்டர். நான் "ஒண்ணும் இருக்காது" என்பதை அங்கேயே விட்டுவிட்டு "எதுக்கும்" என்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். எடுத்தால் பிள்ளை உடம்புக்குக் கெடுதலா, எடுக்காமல் விட்டு ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று என் கணவரிடம் ஒரே கேள்வியை ஒன்பது விதமாகக் கேட்டேன். பத்தாவது விதத்துக்குக் காத்திருக்காமல் அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

எக்ஸ்ரே அறையில் இருந்த பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். "தம்பி, அசையாம நில்லுங்க தம்பி, ப்ளீஸ்" என்று கெஞ்சினாள். தாடையை வைக்கச் சொன்ன இடத்தில் என் மகன் நாக்கை வைத்தான். முதல் படம் ஆடிப்போய்விட்டது.

"பரவால்லக்கா, இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றாள் அந்தப் பெண், இன்னொரு தோசை ஊற்றுகிற மாதிரி.

நான் மகனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பிள்ளையை நினைத்து மட்டும் அல்ல. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் "இன்னொண்ணு" என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்வதற்கு எக்ஸ்ரே அக்கா விட்டதில்லை.

பட்டப்படிப்பு முடித்துக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் காரைக்காலில் ஒரு ஸ்கேன் சென்டரில் இரண்டு வருடம் வரவேற்பு மேசையில் இருந்தேன். எக்ஸ்ரே எடுப்பவர் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். சுரக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். வீட்டுக்காரர் நெல் விவசாயம். அக்காவுக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். ஆனால் டாக்டர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்காதான். பெயரை இங்கே எழுதினால் வேறு யாரைப் பற்றியோ எழுதுவது போல இருக்கும்.

அக்காவின் கொள்கை ஒன்றே ஒன்று. ஒரு ஆளுக்கு ஒரே படம். இரண்டாவது தடவை எடுப்பது அவருக்கு அவமானம். தேவையில்லாமல் ஒருவர் உடம்பில் இரண்டாம் முறை கதிரை விடுவதைவிட அவர் கையை வெட்டிக்கொள்வார். அதனால் எடுக்கிற படம் முதல் தடவையிலேயே சரியாக வர வேண்டும். அதற்கு எதிரில் நிற்பவர் அசையக் கூடாது.

"ஒங்களுக்கு ஒரு நெஞ்சு. எனக்கு ஒரு படம். ரெண்டு பேரும் ஒழுங்கா நடந்துக்குவோம்" என்பார். பிறகு அந்தக் குரல் வரும். "மூச்ச நல்லா இழுங்க. அடக்குங்க. அசையாதீங்க!" வெளியே மேசையில் இருக்கும் நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன். காத்திருப்பவர்களும் அடக்கிக்கொள்வார்கள். ஒருமுறை டீக்காரர் டம்ளரைச் சாய்த்தபடியே நின்றுவிட, டீ என் பதிவேட்டில் முழுவதுமாக இறங்கியது. அவர் டம்ளரை நிமிர்த்தவில்லை. "அக்கா இன்னும் விடச் சொல்லலியே" என்றார்.

இந்தக் குரல் சென்டருக்கு வெளியிலும் வேலை செய்தது. மாங்கனித் திருவிழாவில் சாமி வரும்போது மாடிகளில் இருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே ஊரே கை நீட்டிக்கொண்டு முண்டும். ஒரு வருடம் கூட்டத்தின் நடுவில் யார் வீட்டுப் பெண் குழந்தையோ கால்களுக்கு இடையில் விழுந்துவிட்டது. அக்கா அந்தக் குரலை விட்டார். "அசையாதீங்க!" தெரு நின்றது. கை நீட்டியவர்கள் நீட்டியபடி, வாய் பிளந்தவர்கள் பிளந்தபடி. மாடியில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கவில்லை. அவர்கள் வீசிக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பழமும் நகராத தலைகளில் பொத்து பொத்தென்று விழுந்தது. அக்கா நிதானமாக நடந்துபோய்க் குழந்தையைத் தூக்கி, போகிற போக்கில் முந்தானையில் ஒரு பழத்தையும் வாங்கிக்கொண்டு, "ம், விடுங்க" என்றார். தெரு மூச்சு விட்டது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பெண்கள் யார் வந்தாலும், படம் எடுக்கும் முன் அந்தக் குரலிலேயே கேட்பார்: "நாள் தள்ளிப் போயிருக்கா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மூட்டு வலிக்கு வந்த எழுபது வயதுக்காரரிடமும் கேட்டார். அந்த அம்மா சிரித்துச் சிரித்து மூட்டு வலியை மறந்து போனார்.

இப்படிப்பட்டவரை ஒரு சினிமாவுக்குக் கூட்டிப்போனது நான்தான். நான் கூட்டிப்போகாமல் இருந்திருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

என் அண்ணன் அப்போது நண்பர்களோடு சேர்ந்து ஒரு திரைப்பட வட்டம் நடத்திக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், வெள்ளை வேட்டி கட்டிய சுவரில் படம். பார்க்க ஆள் வராது. "நீயாச்சும் யாரையாவது கூட்டிட்டு வாயேன், அஞ்சு பேருக்குப் படம் போட்டா மனசு ஒடஞ்சு போவுது" என்று கெஞ்சினான். கீழ்வீட்டுக்காரர் மதியம் தூங்குவார். மேலே சத்தம் கேட்டால் இடம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூட்டத்தைச் சத்தம் போடாமல் உட்கார வைக்க ஒருவர் வேண்டும். எனக்கு வேறு யார் ஞாபகம் வருவார்கள்?

அது ரஷ்யப் படம். பேர் அண்ணன் வாயிலேயே நுழையவில்லை. சோவியத் காலத்தில் ராக் பாட்டுக்காரர்கள் மறைந்து மறைந்து பாடிய கதை. சமையலறையில் பாடுகிறார்கள், கொதிகலன் அறையில் பாடுகிறார்கள். மேடையில் பாட வேண்டுமென்றால் வரிகளை ஒரு குழு படித்து முத்திரை குத்தித் தர வேண்டும். பாட்டுப் படம் என்பதால் நடுவில் ரொட்டிக்கு வரிசையில் நிற்பவர்கள்கூடச் சேர்ந்து பாடினார்கள். "வரிச கலையாம பாடுறாங்க பாரு" என்று அக்கா மெச்சினார்.

அப்புறம் கச்சேரிக் காட்சி வந்தது. பாட்டு அதிர்கிறது. ஆனால் கேட்பவர்கள் நாற்காலியில் கையைக் கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்திருக்கக் கூடாது, ஆடக் கூடாது. கையில் சிவப்புப் பட்டை கட்டிய ஒருவர் வரிசைகளுக்கு நடுவே நடந்து, யாருடைய முழங்காலாவது தாளத்துக்கு ஆடினால் விரலால் தட்டி நிறுத்துகிறார். மாடியில் இருந்த பதினோரு பேருக்கும் அவர் மேல் கோபம். அண்ணனின் நண்பன் ஒருவன் பல்லைக் கடித்தான்.

"இந்தாளு நல்லா வேல பாக்குறாரு" என்றார் அக்கா.

"அக்கா, அவன்தான் வில்லன்" என்றான் அண்ணன்.

"வில்லனா? ஒருத்தரும் அசையல பாரு. அந்த ஹால்ல படம் எடுத்தா ஒண்ணுகூட கெடாது." சொல்லிக்கொண்டே பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த என் முழங்காலைத் தட்டினார். அந்த நிமிடத்தில் திரையில் ஒரு கை, இங்கே ஒரு கை. எனக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்றே புரியவில்லை.

பாதிப் படத்தில் கதை பாடகனின் அப்பா காலத்துக்குப் போனது. அப்போது வெளிநாட்டுப் பாட்டுத் தட்டு ரஷ்யாவில் கிடைக்காது. இளைஞர்கள் ஆஸ்பத்திரிக் குப்பையில் இருந்து பழைய எக்ஸ்ரே படங்களைப் பொறுக்குகிறார்கள். கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டுகிறார்கள். சிகரெட்டால் நடுவில் ஓட்டை சுடுகிறார்கள். ஒரு யந்திரம் அதில் பாட்டைப் பள்ளமாகக் கீறித் தருகிறது. ஊசியை வைத்தால் யாரோ ஒருவருடைய விலா எலும்பில் இருந்து பாட்டு வருகிறது.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். அவரே எழுந்துவிட்டார். "நிறுத்து தம்பி! அத இன்னொரு தடவ போடு."

அண்ணன் போட்டான். "இன்னொரு தடவ." மூன்றாம் முறை போட்டபோது திரைக்குப் பக்கத்தில் போய், வெட்டப்படும் படத்தை உற்றுப் பார்த்தார். "நல்ல படம்டி. எவ்ளோ சுத்தமா எடுத்துருக்கான் பாரு. கழுத்தெலும்பு ரெண்டும் சமமா நிக்குது. எடுத்தவன் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கலாம்." பிறகு மெதுவாக, "இதுல பாட்டு வருமா?" என்றார்.

"நெசமாவே செஞ்சிருக்காங்கக்கா" என்றான் அண்ணன்.

இருபது வருடம் அவர் எடுத்த படங்கள் எல்லாம் உறைக்குள் போய், பரணுக்குப் போய், கடைசியில் கிரகணம் பார்க்கவும் பெயின்ட் அடிக்க எழுத்து அச்சு வெட்டவும் பயன்பட்டன. அதில் பாட்டு இருந்திருக்கலாம் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. கீழே இறங்கி வந்தோம். அக்கா ஸ்கூட்டியில் சாவியைப் போட்டுவிட்டுக் கேட்டார். "நம்மூரு எலும்புலயும் வரும்ல?"

சென்டரின் இருட்டறைக்கு வெளியே ஒரு பீரோ உண்டு. வந்து வாங்கிப் போகாதவர்களின் படங்கள் அதில் உறையோடு கிடக்கும். ஒரு வருடம் ஆனால் கழித்துவிடலாம் என்பது விதி. கழித்த படங்கள் நிறைய இருந்தன. எல்லாம் அக்கா விடுப்பில் போனபோது மாற்று ஆட்கள் எடுத்தவை. அக்கா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, "சீ, இதுல எப்படி பாட்டு வரும்? தோள்பட்ட நெஞ்சு மேல ஏறிக் கெடக்கு" என்று தள்ளினார். கடைசியில் அவர் கையில் நின்றது அவரே எடுத்த ஒரு படம். பட்டினச்சேரி மீனவர் ஒருவருடைய நெஞ்சு. படகில் கயிறு அறுந்து விலாவில் அடித்ததற்கு எடுத்தது. எட்டு மாதம் ஆகியும் ஆள் வரவில்லை.

"அக்கா, இன்னும் வருஷம் ஆவல" என்றேன். சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் இரண்டாவது தடவை சொல்லவில்லை.

"எட்டு மாசமா வராதவரு இனிமேலா வரப் போறாரு? வலி போயிருக்கும். பாரு எப்படி மூச்ச அடக்கி நின்னுருக்காருன்னு. கடல்ல முங்குற ஆளு."

சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு ஓட்டையும் போட்டார். நான்கு மூலைகள் மிஞ்சின. அழகான கருநீலம். வீணாக்க மனமில்லாமல் நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் மைக் செட் வாடகைக் கடை. அதன் முதலாளி ஒரு பழைய இசைத்தட்டுப் பெட்டியை அழகுக்காக வைத்திருந்தார். அதில் எக்ஸ்ரேயை வைத்தபோது, "ஏம்மா, இது என்ன வெளையாட்டு, ஊசி போயிரும்மா" என்று அழாத குறையாகச் சொன்னார். அக்கா அசையாதீங்க என்றார். அவர் அசையவில்லை.

பாட்டு எப்படி வரும்? கீறுகிற யந்திரம் நம்மிடம் இல்லை. வெறும் "கொர்ர்ர்" என்று ஓடியது. அக்கா முகம் விழுந்துவிட்டது. "ரஷ்யாக்காரன் எலும்புல பாட்டு வருது, நம்மாளு எலும்புல கொறட்டதான் வருது." பிறகு என் தலையில் இருந்து ஊக்கை உருவி, நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே ஒரு கீறல் போட்டார். மறுபடி ஊசி வைத்தார்.

டக். ஒரு சுற்று. டக். இன்னொரு சுற்று. டக்.

மைக் செட்காரருக்கு இப்போது ஆசை வந்துவிட்டது. வேகத்தை மாற்றும் குமிழைத் திருப்பி நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றில் வைத்தார். டக் டக் டக் டக். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினார். "எழுபத்தெட்டு" என்றார். "நல்ல நாடி." சுற்றுகிற தட்டில் அந்த மீனவரின் இதய நிழல் வெள்ளையாகச் சுழன்றது. நான் கீழே பார்த்தேன். அக்காவின் வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தட்டி நிறுத்தலாமா என்று யோசித்தேன். தைரியம் வரவில்லை.

சரியாக மூன்று வாரம் கழித்துப் பட்டினச்சேரிக்காரர் வந்தார்.

கூட அவர் மனைவியும் வந்திருந்தார். மீனவருக்குக் கொஞ்ச நாளாக இருமல். தஞ்சாவூரில் பெரிய டாக்டரிடம் காட்டியதில், புதிய படத்தில் வலது நெஞ்சின் உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்திருக்கிறது. பழைய படம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றிருக்கிறார் டாக்டர். பழைய படத்திலும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால் அது என்றைக்கோ ஆறிய தழும்பு, கவலையில்லை. இல்லையென்றால் நெஞ்சுக்குள் ஊசியை விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

"அன்னிக்கு ஒரு படம் எடுத்தீங்களே, அது இருக்குங்களா?" என்றார் அவர். பெரிய உடம்பு. குரல் மட்டும் சின்னதாகிவிட்டிருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அசையவில்லை. அவர் அசையாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

பொய் சொல்லியிருக்கலாம். தொலைந்துவிட்டது என்றிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. அக்கா இருட்டறைக்குள் போய் வட்டப் படத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். "தப்பு பண்ணிட்டேண்ணே."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் இருந்த ஓட்டை வழியாக மனைவியைப் பார்த்தார். "என் நெஞ்சுல யாரு பொத்தல் போட்டது?"

"பொத்தல் இருந்தா என்ன, உள்ள ஒண்ணும் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் மனைவி. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அக்கா படத்தை லைட் பெட்டியில் வைத்தார். நெஞ்சின் உச்சி வட்டத்துக்கு மேலே போயிருந்தது. புள்ளி இருக்க வேண்டிய இடம் வெட்டுப்பட்ட மூலையில். இன்னொரு படம் எடுத்தும் பயனில்லை. அக்கா தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "எட்டு மாசத்துக்கு முந்துன நெஞ்ச இன்னிக்கு எப்படி எடுக்குறது?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "மூல எங்கடி?"

என் கால் என்னைக் கேட்காமல் ஓடியது. நான்கு மூலையில் இரண்டை மார்கழிக் கோலத்துக்கு அச்சாக வெட்டியிருந்தேன். ஒன்றில் இலை, ஒன்றில் மயில். வீட்டுக்குப் போய் அவற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டிலும் கீழ் விலாவின் நுனிதான். அவை அடி மூலைகள். மேல் மூலைகள் எங்கே?

"அம்மா, அந்த எக்ஸ்ரே துண்டு?"

"பாத்ரூம் சன்னல்ல கண்ணாடி ஒடஞ்ச எடத்துல ஆணி அடிச்சு வெச்சிருக்கேன். கொசு வருதுல்ல" என்றாள் அம்மா. "அதுல ஒண்ணுல பல்லி எச்சம் போட்டிருக்கு. ரெண்டு தடவ சோப்புப் போட்டுத் தேச்சேன், போவவே மாட்டேங்குது."

பக்கெட்டைக் கவிழ்த்து மேலே ஏறினேன். மதிய வெயில் பின்னால் இருந்து அடித்தது. கருநீலத்தின் நடுவில், கழுத்தெலும்புக்குக் கீழே, மிளகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. மூன்று வாரம் பல் தேய்க்கும்போதெல்லாம் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருவருடைய உயிர்க் கவலையை என் அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். பக்கெட் மேல் நின்றபடியே அழுதேன். பிறகு சிரித்தேன். எது முதலில் என்று இப்போது நிச்சயமில்லை.

அக்கா நேராக டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். சென்டர் டாக்டர் அதிகம் பேசாதவர். வட்டத்தைப் பார்த்தார், மூலைகளைப் பார்த்தார். "தஞ்சாவூர் போயிட்டு வாங்க. வந்து பேசிக்கலாம்" என்றார். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையில் அக்காவின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர்களோடு நாங்களும் பஸ் ஏறினோம். அட்டையில் வட்டத்தை வைத்து, மேல் மூலைகளைச் சேர்த்து, செலோ டேப்பால் ஒட்டி, அக்கா அதை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தார். கும்பகோணம் வரை பக்கத்தில் யாரையும் உட்கார விடவில்லை. டிரைவர் வேகத்தடையில் தூக்கிப் போட்டபோது, "அசையாம ஓட்டுங்க!" என்றார். ஆச்சரியம், அதற்குப் பிறகு அவர் அப்படித்தான் ஓட்டினார்.

பெரிய டாக்டர் அட்டையை வாங்கி லைட் பெட்டியில் மாட்டினார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது என்னம்மா?"

"நெஞ்சு சார்."

"அது தெரியுது. ஏன் வட்டமா இருக்கு?"

அக்கா முதுகை நிமிர்த்தி நின்றார். "ரஷ்யாவுல இப்படித்தான் சார் பாட்டு போட்டுருக்காங்க. சர்க்காருக்குத் தெரியாம. நம்மூர்ல வருதான்னு பாத்தேன். என் தப்புதான் சார். ஆனா படம் சுத்தமான படம். மூச்சு முழுசா இழுத்து அடக்கியிருக்காரு. புள்ளி எடம் மாறாது. மூலைய நான் வெட்டுக்கு வெட்டு சேத்துத்தான் ஒட்டியிருக்கேன்."

டாக்டர் பக்கத்தில் புதிய படத்தை மாட்டினார். அளவுகோலை எடுத்தார். இதை அளந்தார், அதை அளந்தார். அந்த அறையில் நாங்கள் நான்கு பேரும், யாரும் சொல்லாமலே, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்.

"அதே அளவு" என்றார். "பழைய தழும்பு. சின்ன வயசுல எப்பவோ வந்து ஆறிருக்கு. ஊசி வேண்டாம். இருமலுக்கு மாத்திர எழுதுறேன்." பிறகு, "நல்ல படம்மா" என்றார். "நீங்க எடுத்ததா? ஆடியிருந்தா இவ்ளோ சின்னப் புள்ளி தெரிஞ்சிருக்காது."

அக்கா அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளவில்லை. மீனவரின் பக்கம் திரும்பி, "விடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். அவர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

திரும்பி வரும்போது, காரைக்கால் பஸ் நிலையத்தில் இறங்கியதும் மீனவர் கேட்டார். "ஏம்மா, பாட்டு பாட்டுன்னீங்களே. அது வந்துச்சா வல்லியா?"

"பாட்டு வல்லண்ணே. தாளம்தான் வந்துச்சு."

"அப்ப அதயாச்சும் கேட்டுட்டுப் போவோம். என் நெஞ்சுதான?"

மைக் செட் கடையில் டேப்பைப் பிரித்து வட்டத்தை மட்டும் தட்டுப் பெட்டியில் வைத்தார்கள். முதலாளி எழுபத்தெட்டில் விட்டார். டக் டக் டக் டக். மீனவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். சிரிக்கவில்லை. அவர் மனைவி கொஞ்ச நேரம் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் இருந்து அந்த அம்மா ஒரு கேலி கூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ம். பரவால்ல, ஓடுது" என்றார்.

வட்டத்தை அவர்கள் எடுத்துப் போனார்கள். மூலையையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அக்காவின் வேலை போகவில்லை. டாக்டர் பதினைந்து நாள் அவரோடு பேசவில்லை. பதினாறாம் நாள் காலையில் பீரோவின் மேல் அவர் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "எக்ஸ்ரே படங்களை வட்டமாக வெட்டக் கூடாது." பின்னால் வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டு, இது ஏதோ தொழில்நுட்ப விதி என்று நினைத்துக் குறித்துக்கொண்டார்கள். ஒரு பெண் என்னிடம் வந்து, "சதுரமா வெட்டலாமாக்கா?" என்று கேட்டாள்.

மாறியது ஒன்றுதான். அந்த நாளுக்குப் பிறகு சின்னப் பிள்ளைகள் வந்தால் அக்கா அதட்டுவதில்லை. "மொதல்ல ஆடு" என்பார். விரல் நகத்தால் மேசையில் தட்டுவார். டக் டக் டக் டக். பிள்ளை குதிக்கும், சுற்றும், நாற்காலியில் ஏறும். திடீரென்று தட்டுவதை நிறுத்துவார். தாளம் நின்றதும் பிள்ளை திகைத்து அப்படியே நிற்கும். அந்த ஒரு விநாடி போதும் அக்காவுக்கு.

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம், மீன் மார்க்கெட்டில் எதிர்க்கோடியில் இருந்து என்னைப் பார்த்துவிட்டார். "நாள் தள்ளிப் போயிருக்கா?" அத்தனை கத்திகளும் மீன் மேல் நின்றன. என் மாமியாரும் கூட இருந்தார். அதுதான் நான் அக்காவைக் கடைசியாகப் பார்த்தது. பிறகு சென்டரில் ஃபிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அக்கா மகளோடு இருக்கப் புதுச்சேரி போய்விட்டார் என்றார்கள். போன் நம்பரை வாங்கி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

போன வாரம் அந்த அறையில் "இன்னொண்ணு எடுத்துடலாம்" என்ற பெண்ணிடம், "ஒரே நிமிஷம்மா" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. ஈயக் கவசம் போட்டுக்கொண்டு மகன் பக்கத்தில் நின்று, மேசையில் நகத்தால் தட்டினேன். "மொதல்ல ஆடு." அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். வீட்டில் இந்த அம்மா இப்படிச் சொல்கிற அம்மா இல்லை. பிறகு ஆடினான். இருமிக்கொண்டே ஆடினான். அந்தப் பெண்ணும் லேசாகத் தலையை ஆட்டினாள். அவனை எக்ஸ்ரே தட்டுக்கு முன்னால் நிறுத்தி, அவளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டுத் தட்டுவதை நிறுத்தினேன்.

அவன் நின்றான். நானும் நின்றேன். அவள் பொத்தானை அமுக்கினாள்.

நெஞ்சு சுத்தமாக இருந்தது. படம் என் கணவர் போனுக்கு வந்துவிட்டது. "எனக்கு ஃபிலிம்ல வேணும்" என்றேன். "யாரும் கேக்குறதில்லையேக்கா, எதுக்கு?" என்றாள். எதற்கென்று சொல்ல ஆரம்பித்தால் ரஷ்யாவில் இருந்து தொடங்க வேண்டும். "பின்னால யாராவது பழசு இருக்கான்னு கேட்டா?" என்று மட்டும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மகனிடம் எக்ஸ்ரே அக்கா கதையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. கண் கொட்டாமல் கேட்டான். முடித்ததும், "என் நெஞ்சுலயும் டக் டக் வருமா?" என்றான். நான் உடனே எழுந்துபோய் உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதினேன்: வட்டமாக வெட்டக் கூடாது. இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

அவனுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. கத்தரிக்கோலை எடுத்துப் பரணில் போட்டேன். சாப்பாட்டுத் தட்டையும் போட்டேன்.